கிராம்புத் தைலமும் துரையின் தோளும்

மனித குல வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக வைக்கத்தக்க கண்டுபிடிப்பு, சாத்தாங்காடு இரும்புச் சந்தையில், எங்கள் கிடங்கில்தான் நிகழ்ந்தது. 'தொழிலாளர் நலக்குழு'வின் செயலாளர் என்ற முறையில் அதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

கம்பிக் கட்டுகளைத் தூக்கும் செயின் புல்லி துருப்பிடித்து ஏழு மாதமாகச் சுற்றவில்லை. பழுதுபார்க்க அனுமதி கேட்ட கோப்பு, மேலாளர் ராமதாஸின் மேசையில் 'தீவிர பரிசீலனை'யில் இருந்தது. அதனால் லோடுமேன் துரைதான் தூக்கினார். அவருடைய தோள் பன் மாதிரி வீங்கியது. மாதக் கடைசிக்குள் வீக்கம் வற்றாவிட்டால் வேறு ஆள் பார்க்கப்படும் என்று உத்தரவு வந்தது.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. மூன்று மணி நேரம் கூட்டம் போட்டது. கிராம்புத் தைலம் எலிகளின் வலியையும் வீக்கத்தையும் குறைத்ததாக ராமதாஸ் வாட்ஸ்அப்பில் படித்துக் காட்டினார். அந்த எலிகள் எத்தனை டன் கம்பி தூக்கின என்று நான் கேட்கவில்லை. குழுவின் மாண்பு முக்கியம். ஆறு பாட்டில் தைலம் வாங்க ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

இரண்டாம் நாள் துரையிடம் 'கருத்துக் கேட்பு' நடத்தினேன்.

“இன்னா சார் சொல்றது. எரியுது. வூட்ல பசங்க என்னை மோந்துகினே வெறுஞ்சோறு துன்றாங்க. பிரியாணி வாசனை கீதாம்.”

“வலி?”

“அது அப்டியே கீது.”

'ஊட்டச்சத்துப் பலனும் உண்டு' என்று குறித்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அதிசயம் நடந்தது. துரையின் தோளில் வீக்கத்தைக் காணோம். ராமதாஸ் சால்வையோடு வந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை வேளை தேய்ச்சே, துரை?”

“தோளுக்கா? ஒரு பாட்டிலோட வுட்டுட்டேன் சார். நாலு பாட்டிலை அந்தப் புல்லிக்கு ஊத்துனேன். மொதல்ல முனகுச்சு. அப்பால சுத்த ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு வாரமா அதான் தூக்கிகினு கீது.”

சால்வை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.

“ஆக, தைலம் வேலை செஞ்சிருக்கு,” என்று சொல்லி ராமதாஸ் அதைத் தானே போர்த்திக்கொண்டார். கைதட்டினோம்.

ஆய்வறிக்கையை முடித்துவிட்டேன். தைலத்தை வலிக்கிற இடத்தில் தேய்த்துப் பயனில்லை, வலி எங்கிருந்து வருகிறதோ அங்கே தேய்க்க வேண்டும் என்பதே முடிவு. இன்னும் ஒரு பாட்டில் மிச்சமிருக்கிறது. ராமதாஸின் அறைக்குப் போய், கோப்பில் கையெழுத்துப் போட ஏழு மாதமாக அசையாத அந்த வலது கையை நீட்டச் சொல்லப்போகிறேன்.