காணவில்லை என்று எழுத மறுத்தவர்

உலகத்திலேயே, கனவு காண்பதற்கு முன் அந்தக் கனவில் யார் யார் வரவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்த ஒரே மனிதர் எங்கள் கட்டாயம் அண்ணைதான். அடித்துச் சொல்கிறேன். வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் தாராளமாக எழுதி அனுப்பலாம்.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் பாதி நம்பியிருந்த காலம் அது. இடம்பெயர்ந்து நாலா பக்கமும் சிதறிப்போன தீவுப்பகுதி ஆட்களைத் தேடிச் சேர்த்துவைக்க, வேலணையில் ஒரு சின்ன அலுவலகம் இணையத்தளம் ஒன்று செய்துகொண்டிருந்தது. நிரல் எழுதுவது கட்டாயம் அண்ணை, விபரங்களைத் தட்டெழுதுவது நான். கணினி இருந்தது, ஜெனரேற்றர் இருந்தது, இணையம் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் எல்லாவற்றையும் பதிந்த டிஸ்கற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய், அங்கே இணையத்தில் ஏற்றிவிட்டு வருவேன்.

அண்ணையின் தொழில் தர்மம் ஒன்றே ஒன்றுதான். எதையும் முதலில் அறிவிக்க வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். ‘ஆள்’ என்று ஒரு கூறு எழுதினால், அதற்குள் பெயர், வயது, ஊர் என்று என்னென்ன பண்புகள் இருக்கும் என்று வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றும் எழுத்தா இலக்கமா, கட்டாயமா விருப்பமா, யாரும் நிரப்பாவிட்டால் அந்த இடத்தில் தானாக என்ன நிற்கும், எல்லாம் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதலாம். தகவலைப் பற்றிய இந்தத் தகவலுக்கு மெற்றாடேற்றா என்று பெயர். நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் பார்ப்பதற்கு.

இதைக் கணினியோடு நிறுத்தியிருந்தால் நல்லவர் என்று போயிருப்போம். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால், “சீனி கட்டாயமோ, விருப்பமோ?” என்பார். செத்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அதே கேள்விதான். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஒருமுறை நாரந்தனையில் பெண் பார்க்கப் போனார். பெண்ணின் தகப்பன், “தம்பிக்கு வீடு, நிரந்தர வேலை, சேமிப்பு எல்லாம் இருக்கோ?” என்று கேட்டிருக்கிறார்.

“மூண்டுக்கும் இடம் ஒதுக்கி வைச்சிருக்கிறன், ஐயா. இன்னும் நிரப்பேல்லை.”

கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட்டு முடிக்கக்கூட விடவில்லையாம்.

மத்தியானத்தில் ஜெனரேற்றர் நின்றுவிடும். அப்போது கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பார். வெயிலில் கடலும் வானமும் ஒன்றாகி, நயினாதீவுப் பக்கம் போகிற வள்ளங்கள் காற்றில் மிதப்பது போலத் தெரியும். குறிப்புகளை அந்த நேரத்தில்தான் கொப்பியில் எழுதிவைத்து, பிறகு நிரலில் சேர்ப்பார். ‘ஊர்’ என்ற பண்புக்கு அவர் எழுதிய குறிப்பு இது: “இப்ப இருக்கிற இடம் இல்லை. கனவில வாற இடம்.”

எங்கள் அலுவலகக் குசினியில் பிலோமினா அக்கா சமையல் வேலை செய்தா. கடற்றொழில் குடும்பம். இடம்பெயர்ந்தபோது வள்ளத்தில் ஏறிய தம்பி யேசுதாசனைப் பற்றி எட்டு வருஷமாக ஒரு சொல்லும் இல்லை. தளத்தில் நாங்கள் பதிந்த முதல் ஆள் அவர்தான். ஒருநாள் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்து திரையைப் பார்த்தார். “யேசுதாசன். இப்போது இருக்குமிடம்: வந்துகொண்டிருக்கிறார்.”

“வந்துகொண்டிருக்கிறார் எண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா. ஒருத்தரும் நிரப்பாட்டி தானா நிக்கிற சொல் அது” என்றார் அண்ணை.

“காணவில்லை எண்டு போடும்.”

“அது ஏலாது.”

“ஏன், கணினி ஏற்காதோ?”

“கணினி ஏற்கும். நான் ஏற்கமாட்டன்.”

“எல்லாரும் வந்துகொண்டிருந்தால் பண்ணைப் பாலம் தாங்குமோ?”

“ஒவ்வொருத்தராய்த்தானே வருவினம், ஐயா.”

பணிப்பாளரின் முகம் சிவந்தது. “நீர் ஒரு கிழமை வீட்டில நில்லும். பிள்ளை, நீர் அதை மாத்தும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. கோப்பைத் திறந்தேன். ‘இருக்குமிடம்’ என்று அறிவித்த வரியின் பக்கத்தில் அண்ணையின் குறிப்பு இருந்தது: “இதை மாற்றுகிறவர் முதலில் குசினிக்குப் போய்ப் பிலோமினா அக்காவிடம் கேட்கவும்.”

போனேன். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. “என்ன பிள்ளை?” என்றா. “தண்ணி குடிக்க வந்தனான்” என்று சொல்லி, தேவையில்லாத ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். பணிப்பாளர் போனில் கேட்டபோது, “மாத்தியாச்சு, ஐயா” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை அதே சொல்லோடு ஏற்றிவிட்டு வந்தேன். மனிதர் இணையம் பார்க்கத் தெரியாதவர் என்பது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

அண்ணை விடுப்பு முடிந்து வந்தார். அந்த வரியைத் திறந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை பதில் ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு வந்தேன். மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் தளத்தின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அச்சடித்துக் கொண்டுவந்து குசினியில் வைத்து வாசித்தேன்.

“அக்கா, நான் இஞ்சை ஒரு சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவிறன். நீங்கள் உயிரோடை இல்லை எண்டு சொன்னவை. சும்மா ஊரின்ரை பேரை அடிச்சுப் பாத்தனான். நான் வந்துகொண்டிருக்கிறன் எண்டு போட்டிருக்கு. அதைப் பாத்த பிறகு இஞ்சை இருக்க ஏலாமல் கிடக்கு. நத்தார் பண்டிகைக்கு வாறன்.”

“திரும்ப வாசி, பிள்ளை” என்றா அக்கா. நாலு தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் அவவே அதை மனப்பாடமாக எனக்குச் சொன்னா.

கட்டாயம் அண்ணை போய் யேசுதாசனின் பதிவைத் திறந்தார். இனி இருக்குமிடத்தை நிரப்பலாம். விரல்களை விசைகளின் மேல் வைத்தபடியே இருந்தார். “பிள்ளை, இதை நீர் அடியும். எனக்கு எழுத்துத் தெரியேல்லை” என்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கடிதத்தின் கீழே இருந்த அந்த வெளிநாட்டு ஊரின் பெயரை நான் மூன்று தரம் பிழையாக அடித்தேன். பிழை என்றால் துள்ளி விழுகிற மனிதர், திரும்பியே பார்க்கவில்லை.

அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. போய்ப் பக்கத்தில் நின்று, “அண்ணை, தேத்தண்ணி ஆறுது” என்றேன். அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.