இடதுபக்கச் சீட்டில் ஒரு சிவப்பு டேக்

இந்த உலகத்தில் நடக்காமல் போன விபத்துகளில் பாதிக்கு எங்கள் தெரு டேக் அண்ணாச்சிதான் பொறுப்பு. மீதிப் பாதியைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஓசூரில் எங்கள் மூக்கண்டப்பள்ளிக்குள் நுழையும்போது அவரும் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார் என்பது என் நம்பிக்கை.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவி வடிவக்காவுக்கும்தான் தெரியும். வடிவக்கா கணவர் பெயரைச் சொல்ல மாட்டார். ரேஷன் கார்டு பேசாது. எனவே எல்லோருக்கும் அவர் டேக் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தார்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. இயந்திரத்துக்குள் கையை விடுவதற்கு முன்னால், ரிப்பேர் பார்ப்பவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டை ஒன்றை அதில் தொங்கவிட வேண்டும். அதுதான் டேக். மாட்டியவர் மட்டுமே அதைக் கழற்றலாம். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருப்பவனின் கை போய்விடும். ஓசூரில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் மாமனார் பேச்சைத் தட்டினாலும் தட்டுவார்கள், அடுத்தவன் டேக்கைத் தொட மாட்டார்கள்.

மற்றவர்கள் இந்தச் சட்டத்தைத் தொழிற்சாலை கேட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்து வந்தார். கேஸ் டியூப் பழசானால் அடுப்புக்கு டேக். எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு படி ஆடியது. மறுநாள் காலை அதில் டேக் தொங்கியது. கொத்தனார் வரும்வரை அந்தப் படியைத் தாண்டித் தாண்டி ஏறினேன். ஆடியபோது வராத முழங்கால் வலி, தாண்டியபோது வந்தது. பல் பிடுங்கிக்கொண்ட அன்று தன் சட்டைப் பொத்தானிலேயே ஒன்றை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்: ‘பழுது பார்க்கப்படுகிறது. இயக்காதீர்.’ யாரும் அவரை இயக்கவில்லை.

அவரும் நானும் ஒரே மாடல் கார் வைத்திருந்தோம். அவர் எல்லாவற்றையும் விசாரித்து, பாதுகாப்பானது என்று முடிவு செய்து வாங்கினார். அவர் வாங்கினாரே என்று நான் வாங்கினேன். ஒருநாள் என் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், அவன் வயிற்றுக்கு முன்னால் பெரிய உருண்டை. என் உருவத்தைப் பற்றிக் கம்பெனி வெளியிடும் கருத்து என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினேன். பொருத்தமாகவே இருந்தது.

பிறகுதான் இருவருக்கும் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. முன்பக்க இடது சீட்டுக்கான ஏர்பேக்கில் கோளாறு இருக்கலாம். மோதினால் காப்பாற்றுவதற்குப் பதிலாக அதுவே வெடித்து இரும்புத் துண்டுகளைத் தெறிக்கவிடலாம். இலவசமாக மாற்றித் தருவோம். அதுவரை அந்தச் சீட்டில் யாரும் உட்கார வேண்டாம்.

நான் செய்தியைப் படித்து, பிள்ளையாருக்கு அடியில் எரிந்தது ஏர்பேக் விளக்கு என்று தெரிந்துகொண்டு, வானிலை அறிக்கையைப் போல மறந்துவிட்டேன். அண்ணாச்சி அரை மணி நேரத்தில் இரண்டு கார்களின் இடது சீட்டிலும் டேக் மாட்டிவிட்டார்.

“ஆளக் காப்பாத்துத பையே ஆளக் கொல்லும்னா, அது பை இல்ல வே, பாம்பு” என்றார்.

என் மனைவி பின்சீட்டுக்குப் போனதில் சந்தோஷமாகவே இருந்தாள். “கலெக்டர் மாதிரி இருக்குது. இத்தினி நாளு இது தெரியாம போச்சே” என்றாள். வடிவக்கா அப்படிச் சொல்லவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அண்ணாச்சிக்கு ஷிஃப்ட் வேலை. வடிவக்காவுக்கு ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில் பகல் வேலை. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குவார். குக்கரில் சோறு இருக்கும், ஆள் இருக்காது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் ஒரே இடம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்தக் கார்தான். தொரப்பள்ளிப் பக்கம் மூடுபனிக்குள் மெதுவாகப் போவார்கள். சாலை முன்னால் பத்தடி மட்டும் தெரியும். அதற்கப்புறம் வெறும் வெள்ளை. பனிக்குள்ளிருந்து ஒரு மாடு வரும், கொஞ்சம் பார்க்கும், மறுபடி பனிக்குள் போய்விடும். பசுமைக் குடில்கள் வெளிறிய பெரிய மேகங்களாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். வடிவக்கா இடது சீட்டில் ஃப்ளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு அந்த வாரத்துக் கதை முழுவதையும் சொல்வார். ஷெட்டில் யாருக்கு யாரோடு சண்டை, எந்த ரோஜா எந்த ஊருக்குப் போகிறது, கனவில் அவர் அம்மா வந்து என்ன கேட்டார். அண்ணாச்சி “ம்” கொட்டிக்கொண்டே ஓட்டுவார்.

டேக் தொங்கிய பிறகு கதை பின்சீட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஓட்டும்போது திரும்பிப் பார்ப்பது அண்ணாச்சியின் சட்டத்தில் மகாபாதகம். கண்ணாடியில் வடிவக்காவின் நெற்றிப்பொட்டு மட்டும் தெரியும். அவர் ஒரு வரி சொல்வார், இவர் “ஆங்?” என்பார். மறுபடி சொல்வார், மறுபடி “ஆங்?” மூன்றாவது தடவை சொல்கிற அளவுக்கு எந்தக் கதையிலும் சாரம் இருப்பதில்லை. மெல்ல மெல்ல வடிவக்கா பேசுவதை நிறுத்திவிட்டார்.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. மனைவி பின்னால், கணவர் முன்னால் தனியாக என்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்நாடக எல்லையோரம் ஜூஜுவாடி அருகே அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி நின்றபோது, இரண்டு பைகளோடு ஓர் அம்மாள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“எலெக்ட்ரானிக் சிட்டி பர்தீரா?”

வருவீர்களா என்று கேட்கிறாள் என்பது அண்ணாச்சிக்குப் புரிந்தது. இது டாக்ஸி இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கன்னடம் வரவில்லை. ஆனால் அந்த அம்மாள் சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தது அவரால் தாங்கக்கூடியதாக இல்லை. முதலில் பெல்ட்டைப் போடவைத்தார். பெல்ட் போட்ட பிறகு இறக்கிவிடுவது மரியாதையாகப் படவில்லை. எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அன்று மதியம் முகம் வாடி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“ரெண்டு பேரும் பின்னால உக்காந்து வாய் ஓயாம பேசிட்டே வாராவ வே. அந்தம்மா கன்னடத்துல சொல்லுதா, இவ தமிழ்ல சொல்லுதா. சிரிப்புன்னா சிரிப்பு அப்பிடிச் சிரிப்பு. எனக்குன்னு சேத்து வச்சிருந்த கதை அம்புட்டும் அந்தம்மாட்ட போயிட்டு.”

“அண்ணாச்சி, பேசாம டேக்கைக் கழட்டிட்டு அக்காவை முன்னால உக்கார வைங்களேன்” என்றேன்.

தாலியைக் கழற்றச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். “மோதுனா?”

“நீங்க ஓட்டுற வேகத்துல எதுவும் மோத முடியாது. எதிர்ல வர்ற ஆட்டோக்காரனுக்கு நின்னு யோசிக்க நேரமிருக்கு.”

“அவன் யோசிக்காம வந்தா?” என்றார்.

அப்புறம் ஒரு கனவைச் சொன்னார். மூடுபனியில் போய்க்கொண்டிருக்கிறார்களாம். வடிவக்கா இடது சீட்டில். திடீரென்று ஏர்பேக் விரிகிறது, சத்தமே இல்லை. வெள்ளையாக ஊதி ஊதி, காரைத் தாண்டி, பசுமைக் குடில் அளவுக்குப் பெரிதாகிறது. வடிவக்கா அதன்மேல் சாய்ந்தபடி மேலே போய்க்கொண்டிருக்கிறார். வாய் அசைகிறது, கதை சொல்கிறார். கீழேயிருந்து அண்ணாச்சி “ஆங்? ஆங்?” என்று கத்துகிறார். “முழிச்சுப் பாத்தா வேலைக்குப் போயிருக்கா. தலகாணில மல்லிப்பூ மட்டும் கெடக்கு” என்று முடித்தார். நான் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் அடிப்பவன். அன்று அவருக்கு டீ போட எழுந்து போனேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சர்வீஸ் சென்டருக்குப் போனார். சில தடவை நானும் போனேன், அங்கே காபி இலவசம் என்பதால். கவுன்ட்டரில் இருந்த தம்பி இந்த ஊர்க்காரன், நல்ல பையன், அவனுக்குத் தெரிந்தது ஒரே பதில்தான்.

“பார்ட் இன்னும் வர்ல சார். வந்தா நாங்களே கூப்புட்றோம்.”

“எங்கேயிருந்து வரணும் தம்பி?”

“மேலேர்ந்து சார்.”

எங்களைப் போலவே பார்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் அங்கே சோபாக்களில் நிறைந்திருந்தார்கள். ஒருவர் மாமியாரை முன்சீட்டில் உட்கார வைக்கலாமா என்று அந்தத் தம்பியிடம் சந்தேகம் கேட்டார். குரலில் கவலை குறைவாக இருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷோரூம். அங்கே எங்கள் மாடலிலேயே புதுக் கார் ஒன்று மாலை போட்டு நின்றது. அண்ணாச்சி தம்பியிடம் கேட்டார்: “அந்த வண்டியிலயும் இதே பைதானா?”

“தெர்ல சார். கேட்டுச் சொல்றோம்.”

“தெரியலன்னா என்ன அர்த்தம்? நிறுத்தி வைக்கணும்னு அர்த்தம்” என்றார். அடுத்து நான் பார்த்தபோது, புதுக் காரின் இடது சீட்டில் சிவப்பு டேக் தொங்கியது. அண்ணாச்சி ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை அந்தத் தம்பியே பின்னால் சொல்லி அழுதான், அல்லது சிரித்தான். மேனேஜர் சென்னைக்காரர். வாட்ச்மேனைக் கூப்பிட்டு டேக்கை எடுக்கச் சொன்னார். வாட்ச்மேன் இருபது வருஷம் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்.

“அது அவுரு போட்டது சார். அவுருதான் எடுக்கணும்.”

“இது கார்யா! மெஷின் இல்ல!”

“டேக்கு டேக்குதான் சார்.”

வண்டி கழுவுபவர் கையை ஈரம் என்று பின்னால் கட்டிக்கொண்டார். மெக்கானிக், தான் தொழிற்சாலையில் அப்ரென்டிஸாக இருந்த காலத்தை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். காபி கொடுக்கும் பெண்கூட மாட்டேன் என்றாள். அவள் அண்ணன் ஃபவுண்டரியில் இருக்கிறானாம். மேனேஜர் தானே எடுக்கக் கையை நீட்டினார். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததும் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துக் கார் வாங்க ஒரு குடும்பம் வந்தது. கதவைத் திறந்த அப்பா, டேக்கைப் பார்த்ததும் பிள்ளைகளை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்தார். “உள்ள யாரோ வேலை செய்றாங்க போல. அப்புறமா வர்றோம் சார்” என்று குடும்பத்தோடு போய்விட்டார்.

தொழிற்சாலைக்குள் போன் அனுமதி இல்லாததால், அண்ணாச்சி கிடைக்காமல் மேனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார். “சார், அவர் பிரச்சினைதான் என்ன?”

“அவருக்கு மனைவியோடு பேசணும் சார்” என்றேன்.

அடுத்த போனை மேனேஜர் ‘மேலே’ போட்டாராம்.

மேலேயிருந்து வர வேண்டிய பார்ட், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு குடோனில் இருந்து அந்த வாரமே வந்துவிட்டது. அண்ணாச்சி போய் ஷோரூம் டேக்கைக் கழற்றினார். வாட்ச்மேன் சல்யூட் அடித்ததாகக் கேள்வி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தம்பியே காரை ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். அண்ணாச்சி இடது சீட்டு டேக்கைக் கழற்றிப் பையில் போட்டபோது முகத்தில் கல்யாணக் களை. வடிவக்கா கேட்டருகே நின்றிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுத் தம்பி தயங்கினான்.

“சார், இன்னொரு விஷயம். இப்ப டிரைவர் சைடு பேக்குக்கும் அதே கம்ப்ளெய்ன்ட்டுன்னு மெசேஜ் வந்துருக்குது. பார்ட் வந்தா கூப்புட்றோம்.”

அண்ணாச்சி கையை வீசினார். “அது என் பக்கந்தான? அதுக்கென்ன, பாத்துக்கிடலாம். இவ பக்கம் சரியாயிட்டுல்லா, அது போதும்.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரில் ஆடுகிற ஒவ்வொரு படிக்கும் பயந்த மனிதர், தன் நெஞ்சுக்கு நேரே இருப்பதைப் பாத்துக்கிடலாம் என்கிறார். வடிவக்கா விருட்டென்று உள்ளே போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருவே பனியில் கரைந்திருந்தது. அண்ணாச்சியின் கார் வாசலிலேயே நின்றது. ஸ்டியரிங்கில் சிவப்பு டேக் தொங்கியது. குனிந்து பார்த்தேன். அண்ணாச்சியின் கையெழுத்து இல்லை. கோணல் எழுத்தில் ‘வடிவு’ என்று இருந்தது.

பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாத்தீரா வே அநியாயத்த? வண்டிய எடுக்கப் போனா இத மாட்டி வச்சிருக்கா. கழட்டுட்டின்னு சொன்னா, போட்டவதான் கழட்டணும், நான் கழட்ட மாட்டேங்கா.”

“உமக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கதைய ஆர்ட்ட போய்ச் சொல்ல?” என்றார் வடிவக்கா, அவரைப் பார்க்காமல். பிறகு என்னிடம், “ஏறுங்க தம்பி. டீ இருக்கு.”

அண்ணாச்சி நகர்ந்து இடம் கொடுத்தார். முன்னால் யாரும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே பனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததால் கார் போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. வடிவக்கா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார். பல வாரத்துக் கதை. அண்ணாச்சி முழுசாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, “ம்”, “ம்” என்றார். ஒரு தடவைகூட “ஆங்?” இல்லை.

என் போன் அடித்தது. “பாலு வாங்கப் போன மனுசன் எங்கதான் போனீங்க?” என்றாள் என் மனைவி.

“அண்ணாச்சி வண்டியில போயிட்டிருக்கேன்” என்றேன். “வர நேரமாகும்.”

மடியில் பால் பாக்கெட் குளிர்ச்சி விட்டுக்கொண்டிருந்தது. இறங்க மனம் வரவில்லை.