ஹெங் சார் விழுங்கிய சீவாளி

கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் யுன் ஷி கதவருகே நிற்பதை ஹெங் பார்த்தார்.

"சார், அந்த டீயிலதான் என் சீவாளி ஊறிக்கிட்டிருந்துச்சு."

ஹெங் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒன்றுமில்லை. மேசையில் தேநீர் இருந்தால் அது யாருடையது என்று கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரே மடக்கில் உள்ளே தள்ளிவிடுவார்.

பள்ளியின் சீன இசைக்குழுவில் சோனா ஊதுகிறவள் யுன் ஷி. நாகசுரம் போலச் சோனாவுக்கும் சீவாளி இல்லாமல் சத்தம் வராது. நகத்தளவு நாணல் துண்டுதான். ஆனால் பயிற்சியாளர் பாங் லாவ்ஷி, அதாவது பாங் வாத்தியார், தம் கையாலேயே சீவிக் கொடுத்தது. தொலைத்தால் குழுவில் இடமில்லை என்று அப்போதே சொல்லியிருந்தார். போட்டியோ நாளைக்கு.

ஹெங் கணக்கு வாத்தியார். ஆறு வருஷம் கால்பந்துக் குழுவோடு உட்லண்ட்ஸ் திடல் வெயிலில் வெந்து, இந்த ஜனவரியில்தான் இசைக்குழுவின் பொறுப்பாசிரியராகி ஏர்கான் அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். லாவ்ஷி முதல்வரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடியும் திடல்தான்.

"டீயா? அதை நான் குடிக்கவே இல்லம்மா. சிங்க்ல கொட்டிட்டேன்."

"அப்படியா சார்? அப்ப குழாய்க்குள்ளதான் இருக்கும்," என்றாள் யுன் ஷி பணிவாக.

சொன்ன பொய்க்காகக் குழாயைக் கழற்ற வேண்டியதாயிற்று. அழுக்குத் தண்ணீர் பாய்ந்து, கீழே பெட்டியிலிருந்த இசைக்குறிப்புகள் மொத்தமும் நனைந்தன.

அலமாரியில் பழைய சீவாளி ஒன்று விறைத்துக் கிடந்தது.

"அது ஊற ரொம்ப நேரமாகுமே சார்."

"கொதிக்கிற தண்ணியில போட்டா சீக்கிரம் ஊறிடும்."

போட்டார். நடுவில் பிளந்துகொண்டது.

கேண்டீனுக்கு ஓடினார். பானக்கடை செங் அங்கிள் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க சார், இன்னைக்கு டீ எப்படி..."

"அப்புறம் பேசலாம் அங்கிள்! ஒரு ஸ்ட்ரா குடுங்க!"

ஸ்ட்ராவை வெட்டி, நசுக்கி, சோனாவில் செருகிக் கொடுத்தார். யுன் ஷி ஊதினாள். பாங் லாவ்ஷி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எவன்யா இங்க வாத்தைக் கொண்டாந்து விட்டது?"

யுன் ஷி தலையைக் குனிந்துகொண்டாள். ஹெங்குக்கு ஒரு ஏப்பம் வந்தது. அதில் லேசாக ஒரு சுருதி கேட்டதாகவே அவருக்குப் பட்டது. இதற்கு மேல் தாங்கவில்லை.

"லாவ்ஷி, பொண்ணு மேல தப்பில்ல. சீவாளிய நான் முழுங்கிட்டேன்."

லாவ்ஷி அவருடைய வயிற்றையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ரொம்ப நல்ல சீவாளி," என்றார்.

பிறகு தம் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து, "அழாதம்மா, நீ என்ன பண்ணுவ," என்று யுன் ஷியிடம் கொடுத்தார். அடுத்து நேரே முதல்வர் அறைக்குப் போனார்.

போட்டியில் பள்ளிக்குத் தங்கம் கிடைத்தது. ஹெங்குக்குத் திடல் கிடைத்தது. இப்போது அவர் கையிலிருக்கும் ஒரே ஊதுகருவி விசில்தான். ஆனாலும் ஒரு பிள்ளையின் இடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவு அவருக்கு உண்மையிலேயே இருந்தது.

ஒருநாள் வியர்வை சொட்டச் சொட்டக் கேண்டீனுக்கு வந்தார். செங் அங்கிள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். ஹெங் அதைக் கரண்டியால் அடிவரை துழாவிப் பார்த்துவிட்டுக் கையில் எடுத்தார்.

"பாத்து சார், கொதிக்குது! அன்னைக்கு மாதிரின்னு நெனச்சிடாதீங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா இங்க மேசைக்கு மேசை குனிஞ்சு எதையோ தேடிக்கிட்டிருந்துச்சே அந்தச் சோனாப் பொண்ணு, அதுதான் அன்னைக்கு வந்து, 'ஹெங் சாருக்கு அங்கிள், ஒரே மடக்குல குடிக்கிற சூட்டுக்கு ஆத்திக் குடுங்க'ன்னு நின்னு வாங்கிட்டுப் போச்சு."