ரிமார்க்ஸ் ஐயாவின் தங்க வாட்ச்

ஒரு கைக்கடியாரத்தை விற்பதா, கொடுத்துப் புதிது மாற்றிக்கொள்வதா என்று முடிவெடுக்க முறைப்படி கோப்புத் திறந்து, பதினொரு பேரிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்ட மனிதர் உலகத்தில் ஒருவராகத்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் புதுக்கோட்டை அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் ரிமார்க்ஸ் ஐயா.

நாலு பேரின் ரிமார்க்ஸ் இல்லாமல் எதையும் தீர்மானிப்பதில்லை என்பது அவருடைய விரதம். குடை எடுத்துப் போகலாமா என்பதற்குக்கூட அட்டெண்டர் மாரிமுத்துவை வாசலுக்கு அனுப்பி, வானத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்பார். அது வந்து சேர்வதற்குள் மழை வந்துவிடும். ஆனால், சமஸ்தானம் இணைக்கப்பட்டு எங்கள் மேலிடம் திருச்சிக்குப் போய்விட்ட அந்த ஆண்டுகளில், அவர் கையெழுத்திட்ட ஒரு தாளாவது திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. வேறெவரும் அப்படிச் சொல்லிக்கொள்ள இயலாது.

அந்தக் கடியாரம் சுவிட்சர்லாந்தில் செய்த தங்க வாட்ச். சமஸ்தான காலத்தில், காணாமற்போன ஒரு நிலப் பதிவேட்டை மூன்றே நாளில் தேடிக் கண்டெடுத்ததற்காக, ஊருக்குப் புறப்பட்ட ஒரு துரை தம் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது. ஐயா அதை வீட்டுக்குள் மட்டுமே கட்டிக்கொள்வார்.

அவருடைய ஒரே பெண், தாயில்லாப் பெண் சிவகாமியை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. தூரத்து உறவில் அவர் எனக்கு மாமா. அலுவலகத்தில் நான் அவருடைய பிரிவிலேயே கடைநிலை எழுத்தன். மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுவது வழக்கம். மோதிரம் வாங்கியாயிற்று. வாட்ச் விஷயம் முடிவானால்தான் முகூர்த்தம் குறிப்பது என்று சொல்லிவிட்டார்.

"அந்தத் தங்க வாட்ச்சையே மாப்பிள்ளைக்குப் போட்டுரலாம்ல சார்?" என்றார் மாரிமுத்து.

"யோவ், லோயர் டிவிஷன் கிளார்க்கு கையில தங்கம் மின்னுச்சுன்னா பாக்குறவன் என்னய்யா நெனைப்பான்? மாமனார் போட்டதுன்னா நெனைப்பான்? பயலுக்கு வரும்படி ஜாஸ்திம்பான்!"

எஞ்சியவை இரண்டு வழிகள். திருச்சிக் கடையில் ரொக்கத்துக்கு விற்றுவிட்டு, எனக்கு ஒரு சாதாரண வாட்ச் வாங்கலாம். அல்லது பழையதைக் கொடுத்து, சாவி கொடுக்க வேண்டாத ஆட்டோமேடிக் வாட்ச் புதிதாக இரண்டு மாற்றிக்கொள்ளலாம், எனக்கொன்று, அவருக்கொன்று. விற்றால் துரையின் அன்பளிப்பைக் காசாக்கிய குற்றம். மாற்றினால் கடைக்காரன் பழையதை மட்டமாக மதிப்பானே என்ற கவலை. கோப்பு பிறந்தது.

அரசாங்கத் தாளை அவர் தொடவில்லை. சொந்தக் காசில் தாள் வாங்கினார். அரசாங்க நேரத்தையும் தொடவில்லை. டிபன் இடைவேளையில் மட்டுமே கோப்பு சுற்றியது. இணைப்பாக வாட்ச்சும் ஒரு துணியில் முடிந்து கூடவே சுற்றியது. ரெக்கார்டு கீப்பர் 'பார்வையிட்டேன்' என்று எழுதித் தேதி போட்டார். டைப்பிஸ்ட், 'விற்கலாம், அல்லது மாற்றலாம், தங்கள் சித்தம்' என்று அடித்துக் கொடுத்தார். மாரிமுத்து வாய்மொழியாகச் சொன்னார்.

"வாட்ச் எதுக்குங்க? அன்னவாசலுக்குப் போக வர ஒரு சைக்கிளு வாங்கிக் குடுங்க."

"மாப்பிள்ளைக்கு அன்னவாசல்ல என்னய்யா வேலை?"

"எனக்குங்க."

நானும் கையை நீட்டினேன். "நீ சம்பந்தப்பட்ட கட்சி. எட்டி நில்லு" என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வைகாசி போயிற்று, ஆவணியும் போயிற்று. என் தாயார் பொறுமையிழந்து, குன்றாண்டார்கோவிலில் வேறொரு பெண்ணை விசாரிக்கத் தொடங்கினார். எனக்கு உறக்கம் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் தபால் பிரிவினர், மேசைமேல் கிடந்த கோப்பை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி, வாட்ச்சோடு திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் அவர் தபால் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றார். பத்தாம் நாள் கோப்பும் வாட்ச்சும் பத்திரமாகத் திரும்பின. மேலதிகாரி சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'பெண்ணின் கருத்து பெறப்பட்டதா?'

அவருடைய கோப்பு ஒன்று கேள்வியோடு திரும்பியது அதுவே முதல் முறை. ஐயா அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தார்.

"பதினோரு பேரைக் கேட்டேன். அவளக் கேக்கலையே" என்றார்.

மறுநாள் சிவகாமியின் கருத்து வந்தது. முறைப்படி ஐயா அதைப் பிரிவினர் அனைவர் முன்னிலையிலும் படித்தார்.

"'அவருக்கு வாட்ச் அவசியமில்லை. ஆறு மாதமாக மாலை ஐந்தே முக்காலுக்கு நம் தெரு வழியாகச் சைக்கிளில் போகிறார். ஒருநாளும் ஒரு நிமிஷம் தப்பியதில்லை.'"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒன் வீடு அங்கிட்டுல்ல இருக்கு. இங்கிட்டு ஒனக்கு என்னய்யா சோலி?"

"காத்தாட வந்தேன் சார்."

"ஆறு மாசமாவா?" என்றார் மாரிமுத்து.

சிரிப்பு அடங்கியபின் ஐயா அடுத்த வரிக்குப் போனார். தாளை என்னிடம் நீட்டினார். நான் படித்தேன்: 'வாட்ச்சை விற்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும். நான் போய்விட்டால், மணியாச்சு, சாப்பிட வாருங்கள் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.'

அவர் பேனாவைத் திறந்தார். 'பெண்ணின் கருத்து ஏற்கப்பட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது' என்று எழுதினார். வேறு எவருடைய ரிமார்க்ஸும் கேட்கவில்லை. தை மாதத்தில் எங்கள் திருமணம் நடந்தது. என் மணிக்கட்டு வெறுமையாகவே இருந்தது. அதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓய்வுபெற்றபின் பகல் உணவுக்கு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று ஏற்பாடு. சில மாதங்களில் அவர் வரும் நேரம் பன்னிரண்டரை ஆயிற்று, பிறகு பன்னிரண்டு, பிறகு பதினொன்று. வாட்ச் பழுதாகிவிட்டதோ என்று ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். வினாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போய் நெடுங்காலமாயிற்று. சிவகாமியும் சென்ற மாசியில் போய்விட்டாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நான் வீட்டிலிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மட்டும் சொல்லலாம். காலை பத்தரைக்கே மாமா வந்து வாசலில் நிற்பார். கையில் தங்க வாட்ச் இருக்கும். அதைப் பார்க்கமாட்டார்.

"மணி ஒண்ணு ஆச்சாம்மா?"

அடுப்பில் அப்போதுதான் உலை வைத்திருப்பாள்.

"ஆச்சுப்பா. உள்ள வாங்க."