காத்து அண்ணன் ஊதிய பை

பினாங்கில் எது நடந்தாலும் அதற்கு வாயுவே காரணம் என்று நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் காத்து அண்ணன்தான். துறைமுகத்துக்கு எதிரே இருந்த சரக்கு அனுப்பும் ஆபீசில் அவர் எனக்கு அடுத்த மேசை. தலைவலியா, வாயு. கப்பல் தாமதமா, கேப்டனுக்கு வாயு. இயற்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவருக்கே பத்து வருடமாக வயிறு சரியில்லை. இரண்டு கவளம் சாப்பிட்டாலே மேல்வயிறு கல்லாகிவிடும். பிறகு எரிச்சல். பிறகு ஏப்பம். மேனேஜர் போனில் பேசும்போது அண்ணன் விட்ட ஓர் ஏப்பத்தைக் கேட்டு, மறுமுனையில் இருந்தவர், "கப்பல் கெளம்பிருச்சா?" என்றாராம்.

டாக்டரிடம் போகச் சொன்னால், "காத்துக்கு என்னாத்துக்கு தம்பி டாக்டரு? வந்த வழியா போயிரும் லா" என்பார். கேஸ்ட்ரிக் மாத்திரையை மிட்டாய்போல் மென்றுகொண்டே சொல்வார்.

ஒருநாள் வலி தாங்காமல் மேசைமேல் கவிழ்ந்துவிட்டார். என் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

"அங்கிள், வயித்துல ஒரு கிருமி இருக்கலாம். நீங்க ஊதுற மூச்ச வச்சே கண்டுபிடிச்சிரலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா ரெண்டு வாரத்துக்கு கேஸ்ட்ரிக் மாத்திரையத் தொடாதீங்க. தொட்டா, கிருமி இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாமப் போயிரும்."

இரண்டு வாரம் கழித்து ஊதினார். கிருமி இல்லை என்று வந்தது. திரும்பும் வழியில், சிக்னலில் அண்ணன் மெதுவாக வாயைத் திறந்தார்.

"தம்பி, மாத்திர ஒண்ணே ஒண்ணு போட்டேன்."

"ஒரு தடவதானே?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு லா."

காரைத் திருப்பினேன். டாக்டரம்மா திட்டவில்லை, மறுபடி முதலிலிருந்து நாள் எண்ணச் சொன்னார். இந்த முறை மாத்திரைகளை என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். அந்த இரண்டு வாரம் ஆபீஸ் பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம்.

டெஸ்டுக்காக மறுபடியும் வெறும் வயிற்றோடு போனோம். ஒரு பையில் ஊதினார். கொடுத்த மருந்தைக் குடித்தார். அரைமணி கழித்து இன்னொரு பையில் ஊத வேண்டும். அந்த அரைமணியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிருமியும் இல்லேன்னா, அப்பறம் வேற பெருசா என்னமோதானே தம்பி?"

பத்து வருடமாக அவர் அதைக் காத்து என்றே ஏன் சொல்லிவந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கிருமி இருந்தது. "நெசமாவே இருக்கா டாக்டர்?" என்று, பிள்ளை பாஸான செய்தி கேட்டவர்போல எழுந்து நின்றுவிட்டார். ஆபீசில் எல்லோருக்கும் சூடான கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து சாப்பிட்டார். பிறகு மறுபடி ஊதிப் பார்த்தபோது கிருமி போயிருந்தது. வலியும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

அடுத்த வருடம் என் வயிறு எரிய ஆரம்பித்தது. அதே டெஸ்ட். அண்ணனிடம் சொல்லாமல் காலையில் கிளினிக்குக்குப் போனேன். கதவு திறக்குமுன்பே காத்து அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜரிடம் இருந்த என் லீவுச் சீட்டில் கிளினிக் பெயரைப் பார்த்தாராம்.

அன்று அவரும் எதுவும் சாப்பிடாமல்தான் வந்திருந்தார்.