தூங்காத மாப்பிள்ளையும் டிரெய்லர் பிரேக்கும்

தலைப்பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைக்கு இரண்டே வேலைதான். ஒன்று சாப்பிடுவது, இன்னொன்று தூங்குவது. முதல் வேலையை நான் குறைவில்லாமல் செய்தேன். இரண்டாவதில் கோட்டை விட்டதால் ஒரு டிராக்டர் தண்ணீருக்குள் போனது.

எனக்கு மதுராந்தகத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடும் உத்தியோகம். மாமனார் வீடு புதுப்பட்டினம். சுற்றுலா வருகிறவர்களை ஃபைபர் படகில் ஏற்றிக் கழிமுகத்தைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். படகை ஏற்றி டிராக்டரில் கட்டித் தண்ணீருக்குக் கொண்டுபோக, மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து டிரெய்லர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். வெளிநாட்டுச் சரக்கு. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், அதுவும் ஆயிலில் வேலை செய்கிற பிரேக். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பழைய பேடு தேய்ந்துபோய், இணையத்தில் தேடிப் புதுசு வரவழைத்திருந்தார்கள்.

அன்று மாட்டுப் பொங்கல். மறுநாள் காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரை கடற்கரை முழுக்க ஜனம் திரளும். அந்த ஒரு நாளை நம்பித்தான் மாமனார் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். எப்படியும் மாலைக்குள் படகு தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

காலையில் மச்சினன் தினேஷ் ஸ்பேனரும் கையுமாக டிரெய்லரிடம் போனான். என் மனைவி தேவகியின் தம்பி. சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். நான் குறுக்கே புகுந்தேன்.

"நீ வேற வேலையப் பாரு தினேஷ். இத நான் மாட்டிடறேன்."

(ஏன் சொன்னேன்? தேவகி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். வேறு காரணம் கிடையாது.)

தினேஷ் அவன் அப்பாவைப் பார்த்தான். "மாப்ள ஆசப்படறாரு. செய்யட்டும்டா. நீ கூட இருந்து எடுத்துக் குடு" என்றார் மாமனார்.

எடுத்த எடுப்பிலேயே குழப்பம். டிரெய்லரை இரண்டு முறை சுற்றி வந்தேன்.

"தினேஷ், இதுக்கு பிரேக் பெடல் எங்க கீது?"

"பெடல் கெடையாது மாமா. டிராக்டரு நின்னா, பின்னாடி வர்ற டிரெய்லரு முன்ன வந்து இழுக்கற கொக்கியில முட்டும். அந்த அழுத்தத்துல ஆயில் போயி டிஸ்க புடிச்சிக்கும்."

"அப்ப முட்னாதான் நிக்குமா?"

"ஆமா மாமா."

தெளிவாகப் புரிந்ததுபோல் தலையாட்டினேன். (இன்றைக்கும் அரைகுறைதான்.)

ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டிஸ்கைக் கவ்விக்கொண்டிருந்த காலிப்பரையும் கழற்றினேன். பழைய பேடுகள் இரண்டும் பொத்தென்று மண்ணில் விழுந்தன. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனிக்கவில்லை. புதுப் பேடின் ஒரு பக்கம் பளபளவென்று இரும்புத் தகடு, மறுபக்கம் கறுப்பாகச் சொரசொரவென்று ஏதோ. டிஸ்க்கும் பளபளவென்று இருந்தது. பளபளப்புக்குப் பளபளப்பு என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, தகட்டை டிஸ்க் பக்கம் பார்த்து வைத்தேன்.

தினேஷ் இருமினான்.

இரண்டாவது பேடுக்கும் இருமினான். மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னேன். அடுத்த சக்கரத்திலும் இரண்டு பேடு, இரண்டு இருமல். "மாமா, அது வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தான். தூரத்திலிருந்து மாமனார் கண்ஜாடை காட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டான். ஏதோ அப்பன் பிள்ளை சமாசாரம் என்று விட்டுவிட்டேன்.

மாமனார் வந்து குனிந்து, வெகுநேரம் சக்கரத்தையே பார்த்தார்.

"நல்லா... டைட்டா மாட்டிகீறீங்க மாப்ள. போயி சாப்ட்டு கொஞ்சம் படுங்க."

சாப்பாட்டில் மாமியார் மூன்று முறை பாயசம் ஊற்றினார். கை கழுவுவதற்குள் பாய், இரண்டு தலையணை, வேகமாகச் சுற்றும் ஃபேன். "நல்லா தூங்குங்க மாப்ள" என்றார். "ஏங்க, செத்த கண்ண மூடுங்களேன்" என்று தேவகி கெஞ்சினாள். கெஞ்சும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் பகலில் தூங்குகிற ஆளில்லை என்றேன். (ஆபீசில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.) என் வேலையை நானே பார்த்து ரசிக்க ஆசை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் டிரெய்லர் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தினேஷ் நான்கு முறை வந்தான். ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பான், நான் சிரித்தால் திரும்பிப் போய்விடுவான். என்னிடம் தொழில் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். பாவம்.

வெயில் சாய்ந்தது. மாமனார் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இனிமே இருந்தா இருட்டிடும். மெள்ள போவலாம்" என்று டிராக்டரில் ஏறினார்.

கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் நசுங்கியதோடு ஒரு 'க்ரீச்'சும் கேட்டது. "புதுசு இல்ல? போகப் போக சரியாயிடும்" என்றேன். வண்டி வேகம் குறையும்போதெல்லாம் தெருவே பல்லைக் கடித்தது. கொம்பில் பெயின்ட் காயாத மாடுகள் வழிவிட்டு ஓடின.

கழிமுகத்துக்கு இறங்கும் சரிவில் மாமனார் பிரேக் பிடித்தார். டிரெய்லர் முன்னால் வந்து முட்டியது. ஆனால் நிற்கவில்லை. இரும்போடு இரும்பு உரசிப் பொறி பறந்ததுதான் மிச்சம். படகின் பாரம் முழுக்கச் சேர்ந்து டிராக்டரை ஈர மணலில் தள்ளிக்கொண்டே போனது. எனக்கு உயிரே போய்விட்டது. "மாமா, குதிச்சிடுங்க" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் குதிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே தண்ணீருக்குள் போனார்.

சேற்றில் சிக்கி வண்டி நின்றது. தண்ணீரில் இருக்க வேண்டிய படகு கரையில் இருந்தது. கரையில் இருக்க வேண்டிய டிராக்டர் தண்ணீரில் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் சீட்டில் உட்கார்ந்தபடியே மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணியும் ஆவல மாப்ள. நீங்க வூட்டுக்குப் போயி தூங்குங்க."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. தினேஷைத்தான் கேட்டேன்.

"பேடு நாலும் திருப்பி மாட்டிக்கினு கீது மாமா. கறுப்பு பக்கந்தான் டிஸ்க புடிக்கணும். நீங்க ஒரு அர மணி நேரம் தூங்கி இருந்தீங்கன்னா கழட்டி சரியா மாட்டி இருப்பேன்."

"ஏன்டா, மாட்டும்போதே சொல்றதுக்கு இன்னா?"

"தலப்பொங்கலுக்கு வந்த மாப்ளகிட்ட தப்புன்னு சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்ட்டாரு."

பாயசம், தலையணை, ஃபேன், இருமல் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்ல வேளை, மீனவர் குடியிருப்பிலிருந்து இருபது பேர் ஓடிவந்து படகைக் கையாலேயே தூக்கித் தண்ணீரில் விட்டார்கள். மறுநாளும் டிராக்டர் தண்ணீரிலேயே நின்றது. படகு ஓயாமல் ஓடியது. ஏறினவர்களில் பாதிப் பேர், "அந்த டிராக்டராண்ட போங்க" என்று கேட்டு ஏறினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பள்ளம் பள்ளமாகக் கோடு விழுந்த அந்த டிஸ்க்கில் ஒன்று இப்போது மாமியார் அடுக்களையில் இருக்கிறது. சாம்பார்ச் சட்டி இறக்கி வைக்க.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்றுவரை யாரும் என்னிடம் 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஸ்பேனரையோ ஸ்க்ரூ டிரைவரையோ தொட்டால், பேசாமல் ஒரு தலையணையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள். போன மாதம் எங்கள் வீட்டு ஃபேன் நின்றுவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறப் போனேன். திரும்பிப் பார்த்தால் தேவகி, கையில் தலையணை.

படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.