ஹெர்னியாவுக்கு ஒரு வோட்டெடுப்பு

“ஆபரேஷன் வேணும். அதுல மறுபேச்சே இல்லை,” என்றார் டாக்டர் ஜானவி. “பெண் குழந்தைக்குக் குடல் மட்டுமில்லை, சினைப்பையும் இறங்கி மாட்டிக்கலாம். தானா சரியாகாது. நாளைக்கே வச்சுக்கலாம். வீக்கம் இடது பக்கம். கேமரா விட்டுப் பார்க்கும்போது வலது பக்கமும் துவாரம் திறந்திருந்தா, சேர்த்துத் தைச்சுடலாமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

தாசையன் தலையைச் சொறிந்தான். திருவனந்தபுரம் சந்தையான சாலைக் கம்போளத்தில் அரிசி மூட்டை இறக்குகிறவன். எந்த லாரிக்கு யார் தோள் கொடுப்பது என்பதையே அங்கே யூனியன் கூடித்தான் முடிவு செய்யும். ஐந்து வயது அபிஷாவின் அடிவயிற்றை அவன் தனியாளாக எப்படி முடிவு செய்வான்?

“உங்க ஆளுககிட்ட கேளுங்க. அங்க ஹெர்னியா வராத ஆளு உண்டா?” என்றாள் மனைவி சரோஜம். “நான் பிள்ளைகூட ஆஸ்பத்திரியில நிக்கேன்.”

மறுநாள் காலை கம்போளத்தில் அவன் வாயைத் திறந்ததும், பிச்சையா வேட்டியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினான்.

“ஒரு பக்கந்தான் தச்சது. இன்னைக்கும் மூட்டை தூக்குதேன். சும்மா கெடக்கப்பட்ட பக்கத்துல கத்தி எதுக்கு?”

“போவே!” செல்வமணி இரண்டு தழும்பு காட்டினான். “எனக்கும் ஒண்ணுதான் தச்சான். மறு வருசமே மத்தது தள்ளிச்சு. ரெண்டையும் ஒரே அடியா தைக்கச் சொல்லும்.”

“உம்ம உடம்பு தையல் விட்ட சாக்கு. அதைப் பிள்ளைகூட சேக்காதேயும்!”

லாரிகள் பின்னால் ஹாரன் அடித்தன. யூனியன் கன்வீனர் வேதமாணிக்கம் வந்தார்.

“சண்டை வேண்டாம். வோட்டெடுப்போம்.”

கைகள் உயர்ந்தன. சமம்.

“எண்ணினது தப்பு! அந்த லாரி டிரைவரும் கை தூக்கினான்.”

“வெளியூர் வோட்டு செல்லாது. திரும்ப எடு.”

திரும்பவும் சமம். ஒருத்தன் ஆபரேஷனே வேண்டாம், பெல்ட் கட்டினால் போதும் என்று திருத்தம் கொண்டுவந்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த தாசையனுக்கு ரத்தம் கொதித்தது.

“பெல்ட்டை உம்ம வாயில கட்டும்!”

சரோஜத்தைப் போனில் கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப். இந்நேரம் பிள்ளைக்கு எதுவும் மாட்டிக்கொண்டதோ?

“நான் போறேன் அண்ணே.”

“தீர்மானம் இல்லாம போயி டாக்டர்கிட்ட என்ன சொல்லுவே?” வேதமாணிக்கம் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

உச்சிவெயிலுக்கு மேல் பொறுக்காமல் சுஜித்தின் சரக்கு ஆட்டோவில் பாய்ந்து ஏறினான். எல்லாரும் பின்னாலேயே ஏறினார்கள். சரக்கு வண்டியில் ஆளா என்று தம்பானூரில் போலீஸ் மறித்தது. அங்கேயும் வாக்குவாதம், அங்கேயும் தழும்பு.

வார்டுக்குள் தாசையன் மூச்சிரைக்க நுழைந்தபோது அபிஷா கட்டிலில் படுத்துப் புரோட்டா கேட்டுக்கொண்டிருந்தாள். சரோஜம் அவளுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள்.

“நல்லபடியா முடிஞ்சது,” என்றார் டாக்டர். “உள்ளே பார்த்தோம், வலதும் திறந்திருந்தது. ரெண்டையும் தைச்சாச்சு. அம்மாதான் நேத்தே சரின்னு சொல்லிட்டாங்களே.”

தாசையன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தான். “அப்போ நம்ம வோட்டு?”

பிச்சையா கூரையைப் பார்த்தான். செல்வமணி வேட்டியைச் சரிசெய்தான். சுஜித்துக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

“வோட்டொண்ணும் இல்ல அண்ணா. தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ பயந்து மோளைத் தூக்கிட்டு நெய்யாற்றின்கரை வரை ஓடின ஆளாம் நீங்க. தையல் போட்டுத் தீரும்வரை உங்களைப் பிடிச்சு வைக்கணும்னு சரோஜம் சேச்சி நேத்தே யூனியன்ல எல்லாரையும் போன்ல விளிச்சுச் சொல்லியாச்சு!”